நான் கேட்காத மன்னிப்பு

கைராசி என்ற சொல்லைக் கேட்டால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு பற்றி எரியும். பிள்ளைப்பேறு பார்க்கிறவளின் கையில் ராசி இருக்கிறதாம். ராசி நல்லதென்றால் பிள்ளை அழுமாம், கெட்டதென்றால் அழாதாம். படித்தது, பழகியது, கத்தரிக்கோலைக் கொதிநீரில் அவித்தது, முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவியது எல்லாம் ஒன்றுமில்லை. ராசிதான்.

ஐம்பதுகளில் நான் கல்முனைப் பக்கத்தில் அரசாங்க மருத்துவமாதாக இருந்தேன். சனங்களுக்கு நான் 'மிஸி'. வாப்பா மருதமுனையில் தறி நெய்தவர். கலியாணம் முடித்து இரண்டாம் வருடமே என் மாப்பிள்ளை காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார். பிள்ளை இல்லை. விதவை வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கும் இத்தாக் காலம் முடிந்து, மூலையில் இருந்து நூல் சுற்றிக்கொண்டிருந்த என்னை வாப்பாதான் மருத்துவமாதுப் படிப்புக்கு அனுப்பினார். ஊர் அதற்கே எங்களை மன்னிக்கவில்லை. படிப்பு முடித்து வெள்ளைச் சாரியும் தலையில் முக்காடும் கையில் கறுப்புப் பையுமாக நான் தெருவில் இறங்கியபோது, வேலிக்குப் பின்னால் கதைத்தது எனக்குக் கேட்கட்டும் என்றே கதைத்தார்கள்.

"இத்தா முடிஞ்சும் வெள்ளையைக் கழட்டாதவள் போறாள் பாருங்க."

"பிள்ளை பெறாதவள் என்னத்தப் பிள்ளைப்பேறு பாக்குற?"

முதல் வருடம் நான் பணிந்துதான் நடந்தேன். பின்வாசலால் வா என்றால் பின்வாசலால் போனேன். உட்காரச் சொல்லாவிட்டால் நின்றுகொண்டேன். பிள்ளைப்பேறு பார்த்த கையோடு அந்த வீட்டுத் துணிகளையும் அலசிப் போட்டேன். அது என் வேலையில்லை. இருந்தாலும் செய்தேன். பணிவாக இருந்தால் ஒரு நாளைக்கு மதிப்பார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. நான் துணி அலசிய வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செய்தி போனது, மிஸியைக் கூப்பிட்டால் துணியும் அலசித் தருவாள் என்று.

அப்படி இருந்த காலத்தில்தான் ஒரு போடியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. இறக்காமத்தில் வயல் வைத்திருந்த பெரிய குடும்பம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கட்டிக்கொண்ட மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பான். ஆகவே அந்த வீட்டில் பிள்ளைப்பேற்றுக்குப் படுத்திருந்தது போடியாரின் மகள். வீட்டு அதிகாரம் எல்லாம் அவளுடைய உம்மாவான வீட்டுக்காரம்மாவின் கையில். மகளுக்கு நோவு தொடங்கி ஒரு முழு நாள் கழிந்து, மற்ற நாள் காலையில்தான் மாட்டு வண்டி என் வீட்டு வாசலுக்கு வந்தது.

நான் அறைக்குள் போனபோது ஊர் மருத்துவிச்சி ஓரமாகச் சுவரில் சாய்ந்து இருந்தாள். வயதானவள், அலுத்துப் போயிருந்தாள். என்னைக் கண்டதும், "நான் நேத்தே மிஸியைக் கூப்பிடுங்க எண்டு சொன்னன்" என்றாள். "நீ வாயை மூடு" என்றார் வீட்டுக்காரம்மா.

கட்டிலில் கிடந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் பையிலிருந்து மரக்குழலை எடுத்து வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் மாற்றி வைத்தேன். தாயின் நாடி ஓடுகிற சத்தம் கேட்டது. பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் கேட்கவில்லை.

வீட்டுக்காரம்மாவைக் கதவடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "உம்மா, பிள்ளைட சத்தம் கேக்கல்ல. கடைசியா எப்ப அசைஞ்ச எண்டு மகள் சொன்னாவா?"

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "மெதுவாக் கதை. அவளுக்குக் கேட்டிரும். நேத்துப் பகலுக்குப் பிறகு அசைவு தெரியல்ல எண்டாள். நீ ஒருத்தருக்கிட்டயும் சொல்லாத. முதல்ல என்ட மகளைக் காப்பாத்து."

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பகல் சாய்வதற்குள் பிள்ளையை எடுத்தேன். ஆண் பிள்ளை. தோல் கன்றி, தொட்ட இடமெல்லாம் உரிந்து வந்தது. வயிற்றுக்குள்ளேயே வெகுநேரம் முன்பே இறந்துபோன பிள்ளைக்குத்தான் அப்படி இருக்கும். தாய்க்கு இரத்தம் போகத் தொடங்கியது. வயிற்றை அழுத்திப் பிடித்து, ஊசி போட்டு, அது நிற்கும்வரை நான் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. தாய் பிழைத்தாள். மையித்தை, அந்தச் சின்ன உடலை, குளிப்பாட்ட எடுத்துப்போன பெண்கள் அந்தத் தோலைக் கண்ணால் கண்டார்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கண்டவர்கள்தான் பிறகு வேறு கதை கதைத்தார்கள்.

பிள்ளை பெற்றவளைப் பத்து நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் சட்டம். மறுநாள் போனேன். வாசற்படியில் வீட்டுக்காரம்மா நின்றார்.

"இனி நீ வரத் தேவையில்ல."

"காய்ச்சல் இரிக்கா எண்டு பாக்கணும் உம்மா."

"பாத்தது போதும். பிள்ளை உசிரோட இரிந்த. உன்ட கை பட்டதுக்குப் பிறகுதான் போச்சு. கைராசி கெட்டவள் எண்டு ஊரே சொன்னது, நான்தான் கேக்கல்ல."

தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துத்தான் கதைத்தார், என்னைப் பார்த்தல்ல. திரும்பி நடந்தேன். அழவில்லை. பற்களைக் கடித்ததில் தாடை நாள் முழுக்க நொந்தது.

அந்தக் கிழமைக்குள் கதை சாய்ந்தமருது வரைக்கும் போய்விட்டது. மாதம் நிறைந்தவர்கள் கிளினிக்குக்கு வராமல் நின்றார்கள். ஒரு வீட்டில் நான் வயிற்றில் கை வைக்கப் போக, அந்தப் பெண்ணின் பெரியும்மா ஓடிவந்து என் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். தட்டிவிட்ட கையை உடனே தன் சீலையில் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இவ்வளவு பேர் சொல்கிறார்களே, ஏதோ இருக்குமோ என்று ஒரு நினைவு வந்தது. ஊர் எனக்குச் செய்த அநியாயங்களில் அதுதான் பெரியது. என் வேலையை மறித்ததைக்கூட விட்டுவிடலாம். என் கையை நானே சந்தேகப்பட வைத்தார்களே.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. நான் ஆசுபத்திரி டொக்டரிடம் போனேன். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். போன நேரம், கேட்ட சத்தம், கேட்காத சத்தம், போட்ட ஊசி, தோல் இருந்த விதம், எதையும் விடவில்லை. "என்னில பிழை இருந்தா நேரே சொல்லுங்க, டொக்டர். ஆறுதலுக்காகக் கதைக்காதீங்க" என்றேன்.

அவர் மறித்து மறித்துக் கேள்வி கேட்டார். கடைசியில், "தோல் உரிஞ்சிருந்தா நீங்க போறதுக்கு முன்னமே பிள்ளை செத்திட்டுது. தாயையும் இழக்கவேண்டிய இடத்தில காப்பாத்தியிருக்கிறீங்க. பிழை ஒண்டும் இல்லை" என்றார்.

எனக்குத் தெரியாததை அவர் சொல்லவில்லை. ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் முன்னால் எல்லாவற்றையும் வைத்து, திருப்பித் திருப்பிக் கேட்கவிட்டு, அதற்குப் பிறகும் என் கணக்குச் சரியாக வந்தது. அந்த அறையை விட்டு வெளியே வரும்போது என் முதுகு நிமிர்ந்திருந்தது. கோபம் மட்டும் குறையவில்லை. அதுவரைக்கும் என்மேலும் பாதி பாய்ந்துகொண்டிருந்த கோபம், இப்போது முழுவதும் போக வேண்டிய பக்கத்துக்குப் போனது.

அடுத்த கிழமை எங்களுக்கு மேலே இருந்த மேற்பார்வை நேர்ஸ் வந்தார். மட்டக்களப்பிலிருந்து வருகிறவர், நல்லவர் என்று பெயர். என்னை இருத்தி வைத்து மெதுவாகச் சொன்னார்.

"பெரிய குடும்பம். நீர் ஒருக்காப் போய் மன்னிப்புக் கேட்டிடும். ஊர் அடங்கிடும். உமக்கும் வேலை செய்யச் சுகம்."

"எதுக்கு மன்னிப்பு?"

"பிழை செய்தனீர் எண்டு நான் சொல்லேல்ல. ஒரு வாய் வார்த்தை, அவ்வளவுதானே."

"வாய் வார்த்தை எண்டா அவங்க வந்து எனக்கிட்டச் சொல்லட்டும்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "நான் மன்னிப்புக் கேட்டா, பிள்ளையைச் சாகடிச்சது நான்தான் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. என்னை வேற ஊருக்கு மாத்துங்க, வீட்டுக்கு அனுப்புங்க. கேக்க மாட்டன்."

அவர் முகம் சுருங்கிப் போனது. நல்லவர்கள் சொல்லும் இந்த மாதிரிப் புத்திமதிகளைப் போல எரிச்சல் தருவது வேறொன்றும் இல்லை. நியாயம் யார் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தும், பணிந்து போக வேண்டியது பலவீனமானவள் என்று முடிவெடுத்துக்கொண்டுதான் வருவார்கள்.

வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் சொன்னேன். அவர் தறியிலிருந்து எழும்பாமல், "கேக்கப் போறியா?" என்றார்.

"இல்ல வாப்பா."

"அப்ப போய்ச் சோத்தைத் தின்னு."

அன்றிலிருந்து நான் சில காரியங்களை மாற்றினேன். பின்வாசலால் போவதை நிறுத்தினேன். துணி அலசுவதை நிறுத்தினேன். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் உட்கார இடம் கேட்டேன். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மரக்குழலை வைத்துப் பார்த்துவிட்டு, கேட்டதைக் கேட்ட மாதிரியே கதவுக்கு வெளியே நிற்கும் ஆண்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். கூப்பிடப் பிந்திவிட்டார்கள் என்றால் அதையும் சொன்னேன். "இந்த மிஸிக்கு வாய் கூடிப்போச்சு" என்றார்கள். இருக்கட்டும். மெதுவாகக் கதைத்ததற்கு நான் கொடுத்த விலை போதும்.

ஏழை வீடுகள்தான் முதலில் திரும்பிக் கூப்பிட்டன. ஒலுவில் பக்கம் மீன்பிடிக் குடும்பங்களுக்கு ராசி பார்க்க எங்கே நேரம்? ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகள் அழுதன. ஊர்க்கதையும் மெல்ல மெல்லத் தேய்ந்தது. யாரும் வந்து தாங்கள் சொன்னது பொய் என்று சொல்லவில்லை. சொன்னதே இல்லை என்கிற மாதிரி நடந்துகொண்டார்கள்.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒருநாள் கிளினிக்கில் பெண்கள் வாங்குப் பலகையில் வரிசையாக இருந்தார்கள். கடைசியில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போடியாரின் மகள் இருந்தாள். மறுபடியும் வயிற்றில் பிள்ளை. தனியாக வந்திருந்தாள். அவளுடைய முறை வந்ததும் கட்டிலில் ஏறிப் படுத்தாள். நான் குழலை வைத்துக் கேட்டேன். இந்த முறை குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம்.

"நல்லாக் கேக்குது" என்றேன்.

அவள் என் சாரியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "ராத்தா, அண்டைக்கு நீங்க கதவடியில சொன்னது எனக்குக் கேட்ட. உம்மா கையைப் பிடிச்சதையும் கண்டன்."

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. "கேட்டுக்கொண்டா வாயை மூடிட்டு இரிந்த?"

"உம்மாக்கு எதிராக் கதைக்கப் பயம் ராத்தா."

"உனக்குப் பயம். எனக்குப் போனது என்ட சோறு" என்றேன். அவள் அழுதாள். நான் கண்ணைத் துடைத்துவிடவில்லை. அழுது முடித்ததும் வயிற்றை அளந்தேன், கால் வீக்கம் பார்த்தேன், கீரையும் முட்டையும் சாப்பிடச் சொன்னேன், அடுத்து வரவேண்டிய நாளைச் சொல்லி அனுப்பினேன். என் கோபம் அவளுடைய மருத்துவத்தைத் தொடக்கூடாது. தொடவும் இல்லை. ஆனால் கோபம் இல்லாத மாதிரி நடிக்கவேண்டும் என்றும் எந்தச் சட்டமும் இல்லை.

மாதம் நிறைந்ததும், நோவு தொடங்கிய உடனேயே வண்டி வந்தது. முன்வாசலால் போனேன். வீட்டுக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பகலுணவு நேரத்துக்கு முன்னே பெண்பிள்ளை பிறந்து வீடு அதிரக் கத்தியது. அண்டை அயல் பெண்கள் எல்லாம் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். பிள்ளையைத் துடைத்துச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். வீட்டுக்காரம்மா வாங்கி நெற்றியில் கொஞ்சினார்.

"அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் தந்தான். எல்லாம் அவன்ட நாட்டம்" என்றார். பிறகு ஒரு புதுச் சாரியை என் பக்கம் நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை. "ஓம், அல்லாஹ்தான் தந்தான். அந்தப் பிள்ளையை எடுத்ததும் அவன்தானே உம்மா? அண்டைக்கு மட்டும் ஏன் என்ட பேரைச் சொன்னீங்க?"

வீட்டுக்காரம்மா சாரியைப் பக்கத்தில் வைத்தார். "அதெல்லாம் முடிஞ்ச கதை. இப்ப என்னத்துக்குப் புள்ள?" என்றார்.

"எனக்கு முடியல்ல. பிழைச்சா அல்லாஹ், மவுத்தானா மிஸியா? தெருவில வச்சுச் சொன்னீங்க. இண்டைக்கு இவங்களுக்கு முன்னால சொல்லுங்க. நான் வரக்குள்ள பிள்ளை உசிரோட இரிந்தா?"

அவர் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அப்போது அறைக்குள் இருந்து, பெற்றுக் களைத்துக் கிடந்தவளின் குரல் வந்தது.

"இல்ல. முதல் நாளே அசைவு நிண்ட. நான்தான் உம்மாக்கிட்டச் சொன்னன். மிஸி வந்த உடனேயே சத்தம் கேக்கல்ல எண்டு சொன்னாங்க. உம்மாக்குத் தெரியும்."

கூடத்தில் இருந்தவர்களில் மையித்தைக் குளிப்பாட்டிய ஒருத்தியும் இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், தோல் கழண்டுதான் இரிந்த" என்றாள், யாருக்கோ சொல்வது மாதிரி.

வீட்டுக்காரம்மா பிள்ளையோடு எழும்பி உள்ளே போனார். நான் கையைக் கழுவி, பையை மூடி, நாளைக்கு வருவேன் என்று தாயிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பத்து நாளும் போனேன். பத்து நாளும் நாற்காலி போட்டிருந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

பிறகு அவர் மவுத்தானபோது என்னுடைய சொந்தக்காரர்கள், "இனியாவது பொறுத்துக்கொள், அவவும் ஒரு தாய், பயத்தில சொன்னது" என்றார்கள். பயத்தில்தான் சொன்னார், அது எனக்கும் விளங்கும். ஒரு நாள் முந்திக் கூப்பிட்டிருந்தால் பேரன் இருந்திருப்பான் என்ற நினைவை அவரால் சுமக்க முடியவில்லை. அதைக் கொண்டுவந்து என் தலையில் இறக்கிவைத்தார். விளங்குவது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு. அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். நடந்ததைச் சரி என்று சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.