விசாவில் எழுதாத வீடு

நான் ஆக்லாந்துக்கு வந்தது சமையல் வேலைக்கு. விருந்துகளுக்குச் சமைத்து அனுப்பும் ஒரு சிறிய நிறுவனம் விசா எடுத்துக் கொடுத்திருந்தது. முதலாளி மதுரைப் பக்கத்துக்காரர். விமான நிலையத்துக்கு அவரே வந்து, என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்து, "அண்ணன்னே கூப்பிடும்மா" என்றார். அவரைப் போல நல்லவர் இல்லை என்று வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

தங்கும் இடமும் அவருடையதுதான். நகரின் கிழக்கே பக்குரங்காவில் ஒரு பழைய மரவீடு. மூன்று அறை, ஐந்து பெண்கள், எல்லோரும் அவரிடம் வேலை செய்கிறவர்கள். என் அறையில் மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்காவும் இருந்தார். இங்கே குளிர்காலம் தொடங்குவது ஜூனில்; குளிர் இறங்கியதும் கட்டிலை ஒட்டிய சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. துடைத்தால் நாலு நாளில் திரும்ப வந்தது. அக்காவுக்கு இருமல் நிற்கவேயில்லை. வீட்டில் ஒரு ஹீட்டர்கூடக் கிடையாது.

வேலையிடத்தில், சாம்பார் அண்டாவின் பக்கத்தில் வைத்தே முதலாளியிடம் ஹீட்டர் கேட்டேன்.

"போர்வை ரெண்டு சேத்துப் போத்திக்கங்கம்மா. நாங்க வந்தப்ப இதுகூட இல்ல."

"அக்காவுக்கு மூச்சு வாங்குதுண்ணே."

"பிடிக்கலைன்னா காலி பண்ணிக்க. வீடு போனா வேலை போச்சு, வேலை போனா விசா போச்சு. அதான் இங்க ரூல்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த மற்றவர்கள் தலை நிமிரவில்லை.

விடுமுறை நாளில் பஸ் பிடித்து நகர மையத்துக்குப் போனேன். இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் இடம் ஒன்று இருந்தது. அங்கிருந்த பெண் வக்கீல் என் விசாக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முதலாளியின் பெயர் இருந்தது, வேலை இருந்தது, ஊர் இருந்தது. "நீ எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். இல்லை. வாடகைக்கு விடுகிறவர்தான் ஹீட்டர் வைக்க வேண்டும், புகார் கொடுத்ததற்காக வெளியேற்றவும் முடியாது, போகச் சொன்னால் எழுத்தில் கேள் என்றார். எனக்கு முதலில் என்மேல்தான் கோபம் வந்தது. எட்டு மாதமாகப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த கடிதத்தை நான் ஒழுங்காகப் படித்ததே இல்லை.

பக்கத்து அறைக்காரி ஒருத்தி வேண்டாம் என்று சண்டை போட்டும், வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்தேன். தகவல் போய்ச் சேர்ந்ததும் முதலாளி வீட்டுக்கே வந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள பெட்டியைக் கட்டு."

"அதை எழுத்துல குடுங்க சார்."

"அண்ணன் போய் சார் ஆயிட்டேனா?"

"கூடப் பொறந்தவளை இந்த ரூம்ல படுக்க வைப்பீங்களா?"

அவர் எதையும் எழுதித் தரவில்லை. சனிக்கிழமை வந்தது. நான் பெட்டியைத் தொடவில்லை. ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, வாசலைப் பார்த்தபடி ஹாலில் உட்கார்ந்திருந்தேன். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. அவரும் வரவில்லை.

அதன்பின் வேலையிடத்தில் என்னோடு பேசுவதை நிறுத்தினார். பாத்திரம் கழுவ விட்டார். கழுவினேன். விசாரணைக்கு முந்தின நாள் அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் பயம்தான், பிள்ளை. ஊரில ரெண்டு பிள்ளையள் என்னை நம்பி இருக்கினம்."

"நீங்க வர வேணாங்க்கா."

"வரமாட்டன் எண்டு நான் சொன்னனானே? இருமுறது நான். நான்தானே கதைக்க வேணும்."

மறுநாள் தீர்ப்பாயத்தில் அக்காதான் பேசினார். உடைந்த ஆங்கிலம், நடுவில் இருமல். அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஹீட்டர் வைக்க வேண்டும், ஈரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஹீட்டர் மாட்டிய அன்று ஐந்து பேரும் வேலை முடிந்து வந்து அதன் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புகார் வேண்டாம் என்று என்னிடம் சண்டை போட்டவளும் உட்கார்ந்தாள். குளிர்காலம் முடியும்வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். நகரின் வடக்கே ஆல்பனியில் ஓர் உணவகத்தில் வேலை கிடைத்து, புதிய முதலாளிக்கு விசாவை மாற்ற அனுமதி வந்த பிறகுதான் கிளம்பினேன், நான் குறித்த நாளில்.

நம் ஆட்கள் சிலர் இன்றும் என்னைச் சண்டைக்காரி என்கிறார்கள். மறுப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் யாராவது என்னைத் தேடி வந்தால், முதலில் விசாக் கடிதத்தை எடுத்து வரச் சொல்கிறேன். இருவரும் சேர்ந்து வரி வரியாகப் படிக்கிறோம்.