வாத்தியார் கையில் ஒரு பிடி மண்

கரிசல் மண்ணை அள்ளி அப்பினால் எந்தக் காயத்திலும் ரத்தம் நின்றுவிடும் என்று நாற்பது வயதுவரை நம்பியவன் நான். காட்டு வேலையில் களைக்கொத்து காலில் பட்டால், எங்கள் ஊரில் முதலில் குனிந்து மண்ணைத்தான் எடுப்போம். சின்னக் கீறல் தானாகவே ஆறிவிடும். பேர் மண்ணுக்குப் போய்விடும்.

கோவில்பட்டியில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வேலை எனக்கு. முதலாளி என்னை இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினார். மண்ணில் கிருமி இருக்கிறது. சுத்தமான துணியை வைத்து அழுத்து. எடுத்து எடுத்துப் பார்க்காதே. ஊறினால் அதன் மேலேயே இன்னொரு துணி வை. இவ்வளவையும் கேட்டுவிட்டு, டாக்டருக்கே படித்து முடித்தவன்போல ஊர் ஊராக முதலுதவி வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன்.

பசுவந்தனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பைக், மொபெட், லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். மண் வைக்கக் கூடாது என்றதும் லோடு வண்டி டிரைவர் சண்முகையா எழுந்தார்.

"அண்ணாச்சி, எங்கய்யா காலத்துலருந்து மண்ணுதான் வைக்கோம். ஒருத்தரும் குத்தம் சொல்லலையே?"

"செத்தவிய வந்து சொல்லவா முடியும்?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் பால்கேனோடு உட்கார்ந்திருந்த மாரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"பேசுனது போதும் அண்ணாச்சி. எங்கன அழுத்தணும்னு இன்னொருக்க காட்டுங்க."

காட்டினேன். அவள் தன் காலிலேயே அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து கிளம்பி இரண்டு கிலோமீட்டர் வந்திருப்பேன். முன்னால் போன சண்முகையா, குறுக்கே பாய்ந்த ஆட்டுக்காக வண்டியைச் சட்டென்று ஒடித்துத் திருப்பிவிட்டார். வண்டி ரோட்டோரப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் கிடந்தார். தகரம் கிழித்துக் கெண்டைக்காலிலிருந்து ரத்தம் கொப்பளித்தது.

ஓடினேன். காலையில் நான் கத்திச் சொன்னதில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் ஒன்றும் பயப்படவில்லை; நான்தான். உடம்பு தானாகக் குனிந்தது. நிமிர்ந்தபோது என் கையில் ஒரு பிடி மண்.

பின்னாலேயே மொபெட்டில் வந்த மாரியம்மாள் என் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"என்ன செய்யுதீங்க? மண்ணக் கீழ போடுங்க! துணி எங்க?"

"துணியா?"

"இடுப்புல கட்டியிருக்கது என்ன, காகிதமா? அவுருங்க!"

வாத்தியார் மிடுக்குக்காக அன்று கட்டிய, வெளுத்துத் தேய்த்த வேட்டி. கொடுத்துவிட்டு டவுசரோடு ரோட்டில் நின்றேன். அவள் அதை மடித்து வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"ஏத்தா, ரத்தம் நின்னுட்டுதான்னு லேசாத் தூக்கிப் பாரு" என்று முனகினார் சண்முகையா.

"பாக்க மாட்டேன். வாத்தியாரு பாக்கக் கூடாதுன்னிருக்காவ." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மரம் மாதிரி நிக்காம ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க."

அது எனக்கு வந்தது. போட்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் என் வகுப்பில் பேச்சு பத்து நிமிஷம்தான். மீதி நேரம் முழுக்க ஆளுக்கு ஆள் துணி வைத்து அழுத்திப் பழக வேண்டும், வாத்தியாரும் சேர்ந்துதான். வாய்க்குத் தெரிந்தது போதாது, கைக்குத் தெரிய வேண்டும்.

சண்முகையா மறுபடி லோடு அடிக்கிறார். அவருக்கு முதலுதவி செய்தது மாரியம்மாள். நான் வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தேன்.