எழுந்திருக்காத பந்தி

1. ஓநாய் பரிமாறிய சாம்பார்

ஹேமாவதியின் ரிவ்யூவுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அவளுடைய கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளியோடு போன ஆள், சாப்பிட உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராகத் தின்றுகொண்டிருந்தார்.

மண்டபம் கம்ப்யூட்டரில்தான். நான் திருப்பதியில் ஒரு தனியார் காலேஜின் சிமுலேஷன் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது ரிடையர்டு. இந்த மாடல்களில் திரையில் நகரும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள், ஏஜென்ட் என்போம். ஆளுக்கு இரண்டு மூன்று ரூல் கொடுத்துவிட்டு, கூட்டம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. பாடம் நடத்த இருக்கும் ரெடிமேட் மாடலை எடுத்து நம் தேவைக்கு மாற்றுவோம். ஹேமாவதி எடுத்தது ஓநாய், ஆடு, புல் மாடல். ஆட்டை விருந்தாளியாக்கினாள், புல்லைச் சாப்பாடாக்கினாள், ஓநாயைப் பரிமாறுகிறவராக்கினாள். மகராசி பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தாள்.

"ரெண்டாவது பந்திக்கு ஆளே இல்ல சார். மிச்சம் இருக்கறவங்களும் வயிறு ரொம்பினா ரெண்டா பிரியறாங்க," என்றாள். ஆடு குட்டி போடும் ரூலும் உள்ளேயே இருந்தது.

நகரி ஊர்ப் பெண். மண்டபங்களில் இரண்டாம் பந்தி ஏன் எப்போதும் தாமதமாகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றும் தேறாவிட்டால் பிஎச்.டி. ரிஜிஸ்ட்ரேஷனே ரத்து. எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. திட்டிக்கொண்டே ஓநாயின் பல்லைப் பிடுங்கினேன்.

2. முதல் பந்தி

அவசரத்தில் நம் ஊர் வழக்கப்படி இரண்டு ரூல் போட்டோம். இலை காலியானால் மறுபடி பரிமாறு. பக்கத்தில் இருப்பவர் முடிக்காமல் எழாதே. கமிட்டி முன்னால் ஓடவிட்டதும் முதல் பந்தி உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே இருந்தது.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சித்தூர்க்காரர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, இவங்க எவ்ளோ நேரமா துன்னுகினு இருக்காங்க?"

"முதல்ல இருந்து சார்."

"ஒருத்தரும் எழுந்திரிக்கலயே."

"பக்கத்துல இருக்கறவரு முடிக்கட்டும்னு இருக்காங்க சார். அவரு முடிக்கறதுக்குள்ள இவரு இலையில திருப்பி போட்டுடறாங்க."

"மனுசங்க இப்பிடி பண்ண மாட்டாங்கம்மா. தப்பு மாடல் இது. சாப்ட்டு வந்து ரிஜெக்ட்னு எழுதிடறேன்."



3. கமிட்டிச் சாப்பாடு

இலைச் சாப்பாடு. எக்ஸாமினர், பிரின்சிபால், ஹேமாவதியின் கைடு, கடைசியில் நான். எக்ஸாமினர் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பிரின்சிபாலைப் பார்த்தார். விருந்தாளிக்கு முன்னால் எழுவது அழகில்லை என்று பிரின்சிபால் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். எக்ஸாமினர் இலை காலியாக இருப்பதைப் பார்த்த சப்ளையர், ஒரு கரண்டி சாதம் வைத்தார்.

"சாலுய்யா, சாலு," என்றார் எக்ஸாமினர். போதுமென்று சொன்னால் எந்தச் சப்ளையர் நம்புவார்? சாம்பாரும் ஊற்றினார். அவர் அதை முடிப்பதற்குள் பிரின்சிபால் இலைக்குத் தயிர் வந்தது. கைடுக்கு மறுபடியும் பாயசம். மூவரும் வியர்த்து விறுவிறுத்து, ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற ஹேமாவதிக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

எனக்குச் சர்க்கரை உண்டு. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து பாத்ரூமுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது மொத்தப் பந்தியும் கை கழுவிக்கொண்டிருந்தது.

எக்ஸாமினர் ஈரக் கையோடு ஹேமாவதியிடம் போனார். "மாடல் சரிதாம்மா. ஒரே ஒரு ஆள்தான் கொறையுது. இவர மாதிரி மரியாத தெரியாத ஆள் ஒருத்தர சேத்துடு."

பந்திக்கு ஒருவர் வீதம் சேர்த்தாள். இரண்டாம் பந்தி உட்கார்ந்தது, ரிவ்யூவும் தேறியது.

மாடல் செய்ய வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நல்லவர்களாகவே பார்த்துப் போடாதீர்கள், எதுவும் நகராது. ஹேமாவதி இப்போது டாக்டர் ஹேமாவதி. நன்றி மறக்காத பெண். தீசிஸில் அந்த மரியாதை தெரியாத ஏஜென்டுக்கு என் பெயரையே வைத்திருக்கிறாள். ரொம்பப் பெருமையாக இருக்கிறது. வீட்டில் மட்டும் இன்னும் காட்டவில்லை.