கண் நன்றாக இருக்கும்

என் சகலையை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் மென்மையானவர் இல்லை, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பஞ்சு என்பது அவர் போடும் பிரேக். அவர் ஓட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்கத் தேவையில்லை. கைக்குழந்தை தூங்கினால் தூங்கியபடியே இறங்கும். அந்தப் பெருமை அவருக்கு உண்டு, அதை அடுத்தவர் சொல்லக் காத்திருக்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

நான் தையல்காரன். அவர் மனைவி அக்கா, என் மனைவி தங்கை. இருவரும் போனில் பேசி ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. அப்படித்தான் நாங்கள் இருவரும் காதோரம் நரைத்த வயதில் ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தோம். டிப்போவில் டைம் கீப்பர் ஓய்வு பெறப் போகிறார். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எது ஏன் தாமதம் என்று தினமும் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டிய வேலை அது. பழைய டிரைவர்களில் யாருக்கு எழுத வருகிறதோ அவருக்கு அந்த நாற்காலி என்று அறிவித்திருந்தார்கள்.

“நாற்காலியில உக்கார்றதுக்கா நான் லைசென்ஸ் எடுத்தேன்?” என்றார் சகலை.

“இத்தனை வருஷமா நின்னுக்கிட்டா ஓட்டினீங்க? அதுவும் உக்கார்ற வேலைதானே” என்றார் அக்கா.

என்னை ஏன் சேர்த்தாய் என்று என் மனைவியிடம் கேட்டேன். “மாமா தனியாப் போனா டீக்கடையில உக்காந்து கதை பேசிட்டு வந்துடுவாரு. நீங்க காவல்” என்றாள். ஆக, கட்டணம் கட்டிக் காவல் காக்கப் போனேன்.

வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில். ரப்பர் வாசனை படியேறி எங்களோடு வந்து உட்காரும். டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. விபத்து நடந்தது என்று ஜனங்கள் எழுதி அனுப்புவதைப் படித்து, எது நடந்தது, எது நடந்ததாகச் சொல்வது என்று பிரிக்க வேண்டும். அதனால் அந்தப் பெண் யார் என்ன சொன்னாலும் சட்டென்று நம்புகிற ஜாதி இல்லை.

“ரிப்போர்ட்ல ‘நான்’ கிடையாது. அழகு, அருமை, அய்யோ பாவம் எதுவும் கிடையாது. ஒரு பொருளைப் பத்தி எழுதினா, அந்த வகையில இருக்கற எல்லாத்துக்கும் அது உண்மையா இருக்கணும்” என்றார் முதல் நாளே.

முதல் பயிற்சி, மாடு. மாடு ஒரு நல்ல மிருகம் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். “நல்லதுன்னு யார் சொன்னா? முட்டு வாங்கினவங்களைக் கேட்டீங்களா?” என்று ‘குட்’டை அடித்துவிட்டார். அடுத்து சகலையின் தாள். “கவ் வில் ஈட் கிராஸ். கவ் வில் கிவ் மில்க்.”

“எப்பக் குடுக்கும்? நாளைக்கா?” என்றார் டீச்சர்.

“தினமும் குடுக்கும் டீச்சர்.”

“தினமும்னா ‘வில்’ எதுக்கு?”

“நீங்களே சொல்லுங்க. குடுக்கும். அந்த ‘கும்’முக்கு ‘வில்’தானே?”

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, கொஞ்சம் யோசித்தார். நம்ம பேச்சில் தினமும் நடப்பதற்கும் ‘கும்’, நாளைக்கு நடக்கப் போவதற்கும் ‘கும்’, ஒருவேளை நடந்திருக்கலாம் என்று தோன்றினாலும் ‘கும்’. பஸ் போயிருக்கும் என்றால் போனதைப் பார்த்தோமா என்ன? ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாத்திரம் என்று விளக்கினார். ரிப்போர்ட்டுக்கு ‘வில்’ ஆகாது. அன்றிலிருந்து சகலையின் தாள் திரும்பி வரும்போதெல்லாம் ‘வில்’ மேலெல்லாம் சிவப்புக் கோடு. அவரும் விடுவதாக இல்லை. பூனை எலி பிடிக்கும், சூரியன் கிழக்கே உதிக்கும், எல்லாம் ‘வில்’தான்.

இரண்டு வீட்டிலும் இது விளையாட்டாகிவிட்டது. சாப்பாட்டில் உப்பு கம்மி என்று நான் சொன்னால், “அது உண்மையா, உங்க அபிப்பிராயமா?” என்று என் மனைவி கேட்பாள். என்னைப் போல ஒரு டிரைவர் இந்த ஊரில் இல்லை என்று சகலை ஆரம்பித்தால், “அதுல ‘நான்’ வருது, அடிச்சுடுங்க” என்பார் அக்கா.

சகலை முதல் நாள் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிரைவர் இல்லையா, ஜன்னல் வேண்டும். அப்புறம் நடு பெஞ்சுக்கு வந்தார். ஒரு மாதத்தில் முதல் பெஞ்சுக்கு வந்து, அதையும் போர்டுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏன் அண்ணே என்றால், டீச்சர் பேசுவது காதில் விழவில்லையாம். டீச்சர் குரல் கீழே டயர் கடைக்கே கேட்கும். கவனிக்க ஆரம்பித்தேன். ஊசியில் நூல் கோப்பவனுக்குக் கண் தெரியாதவர் முகம் நன்றாகத் தெரியும். தலை ஒரு பக்கம் சாயும், கண் இடுங்கும், வாய் தன்னால் திறந்துகொள்ளும்.

என் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் அவர் பஸ்ஸில்தான் போவாள். “மாமா இப்பல்லாம் ஸ்டாப்புக்கு ரொம்ப முன்னாடியே நிறுத்திடறாரு. கேட்டா, வயசானவங்க ஓடி வர வேண்டாமேன்னு சொல்றாரு. நல்ல மனுஷன்” என்றாள்.

அந்த வாரமே அவர் ஒரு பேண்ட்டின் கால் மடிப்பைப் பிரித்துத் தைக்கக் கடைக்கு வந்தார். மடிப்பைப் பாதி பிரித்துவிட்டு, ஊசியையும் நூலையும் நீட்டினேன். “இதைக் கொஞ்சம் கோத்துக் குடுங்க அண்ணே, என் கை ஈரமா இருக்கு.”

வாங்கினார். நூலை நாக்கில் நனைத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், விரலில் ஒரு குத்து வாங்கினார். பிறகு மெஷின் மேல் வைத்துவிட்டு, “இதுக்குத்தான் தையக்கார சகலை வேணும்கறது” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“எப்பலேருந்து அண்ணே?”

நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டார். “சாயங்காலமானா எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பூ மாதிரி விரியுது. பகல்ல பரவாயில்ல, பனி மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.”

“டிப்போவுல கண்ணு டெஸ்ட் வெக்கலையா?”

“அந்தப் போர்டுல இருக்கற எழுத்து எனக்குத் தலைகீழா மனப்பாடம். ரூட்டும் மனப்பாடம் சகலை. ஒவ்வொரு பள்ளமும் சொல்லுவேன்.”

“பள்ளம் மனப்பாடம் சரி. குறுக்க வர்ற ஆளும் மனப்பாடமா?”

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. “டாக்டர்கிட்டப் போனா எழுதிக் குடுத்துடுவான். எழுதிட்டா முடிஞ்சுது. ஸ்டியரிங்கைப் பிடிக்காத கையை நான் எங்க கொண்டு போய் வெக்கறது?”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த பஸ்ஸில் என் மனைவி போகிறாள். அவளை வேறு பஸ்ஸில் போகச் சொல்லலாம். மற்றவர்களை யார் சொல்வது? “அண்ணே, இந்த வாரம் முடியறதுக்குள்ள நீங்க டிப்போவுல சொல்லுங்க. இல்லேன்னா நான் போய்ச் சொல்லுவேன்” என்றேன். பேண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பாதி பிரித்த மடிப்போடு.

அதன் பிறகு வகுப்பில் எனக்கும் அவருக்கும் இடையே பெஞ்சில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. வாரக் கடைசியில் முடிவுத் தேர்வு. அவரவர் தொழிலைச் செய்கிறவர்களைப் பற்றி ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும், எழுந்து நின்று வாசிக்க வேண்டும். நான் தையல்காரர்களைப் பற்றி எழுதினேன். ‘நான்’ இல்லை, ‘அருமை’ இல்லை. டேப் பொய் சொல்லாது, அளவு கொடுக்கிறவர்தான் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார் என்று எழுத ஆசையாக இருந்தது. அதை மட்டும் நானே அடித்துவிட்டேன்.

சகலை எழுந்தார். தாளை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தார். பஸ் டிரைவர்கள் விடியுமுன் எழுகிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். எல்லாம் ‘வில்’ இல்லாமல் சுத்தமாக வந்தது. டீச்சரே நிமிர்ந்து பார்த்தார். பிறகு வந்தது அந்த வரி.

“பஸ் டிரைவர்ஸ் வில் ஹேவ் குட் ஐஸ்.”

“நல்லாத்தானே போச்சு, மறுபடியும் ‘வில்’லா?” என்றார் டீச்சர். “கண் நல்லா இருக்கும்னா என்ன அர்த்தம்? இருக்குங்கறீங்களா, இருக்கலாம்கறீங்களா?”

சகலை தாளைப் பார்த்தபடி நின்றார். “இருக்குன்னுதான் டீச்சர்.”

“சரி, ‘வில்’லை அடிங்க. பஸ் டிரைவர்ஸ் ஹேவ் குட் ஐஸ். இப்ப சொல்லுங்க, இது எல்லா டிரைவருக்கும் உண்மையா? ஒருத்தர் விட்டுப் போனாக் கூட இந்த வரி தப்பு. விட்டுப் போறவங்க இருந்தா முன்னாடி ‘மோஸ்ட்’ போடணும். பெரும்பாலான டிரைவர்களுக்குன்னு அர்த்தம்.”

டீச்சருக்கு எதுவும் தெரியாது. இலக்கணம்தான் சொன்னார். சகலை என் பக்கம் திரும்பினார். அத்தனை நாள் கழித்து அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தாரா என்று கேட்டால், இல்லை. பேனாவை எடுத்து, குனிந்து, கன்னம் தாளில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை எழுதினார்.

“மோஸ்ட் பஸ் டிரைவர்ஸ் ஹேவ் குட் ஐஸ்” என்று வாசித்தார்.

“சரி. ஆனா ‘மோஸ்ட்’னு எழுதினா படிக்கறவங்க மீதிப் பேரு என்ன பண்றாங்கன்னு கேப்பாங்க. அவங்களைப் பத்தியும் ஒரு வரி எழுதி முடிச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டு, டீச்சர் அடுத்தவரை வாசிக்கச் சொன்னார்.

அடுத்தவர் பேக்கரிக்காரர். அவர் வாசித்தது ஒரு எழுத்துகூட என் காதில் விழவில்லை. சகலை எழுதிக்கொண்டே இருந்தார், அடித்தார், மறுபடி எழுதினார். வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிய பிறகு எழுந்து போய்த் தாளைக் கொடுத்தார். நான் பின்னால் நின்றேன். மீதி டிரைவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கடைசியில், பெரிய பெரிய எழுத்தில், கோடு தாண்டி, இப்படி இருந்தது:

“டுமாரோ ஐ வில் நாட் டிரைவ்.”

டீச்சரின் சிவப்புப் பேனா பழக்கத்தில் இறங்கியது. முதலில் ‘ஐ’ மேல் போனது, ரிப்போர்ட்டில் ‘நான்’ கிடையாது. அப்புறம் ‘வில்’ மேல் போய் நின்றது. அங்கேயே இருந்தது. டீச்சர் தலையைத் தூக்கி சகலையின் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். இடுங்கியிருந்த அந்தக் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

பேனாவை மூடி வைத்தார். “இந்த ‘வில்’ சரி சார்” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“மத்ததெல்லாம் தப்புன்னு சொன்னீங்களே, இதாவது சரியா வரட்டும்னுதான்” என்றார் சகலை. கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

படியில் என் தோளில் கை வைத்துக்கொண்டு இறங்கினார். எத்தனையோ தடவை அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறோம், கை வைத்ததில்லை. “அக்காகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?” என்று கேட்டேன். “அவளுக்குத் தெரியும். டீயை ரெண்டு தடவை டம்ளருக்கு வெளிய ஊத்தினேன். அடுத்த நாளே இந்த வகுப்புக்குப் பணம் கட்டிட்டு வந்து நிக்கறா” என்றார். அக்கா தங்கை போனில் பேசியது என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கொடுத்த காவல் வேலையின் அர்த்தமும்.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த டிப்போ வண்டி, யார் ஓட்டுகிறான் என்று சொல்கிறவர், அன்றைக்கு என் பக்கம் சாய்ந்தார்.

“நம்பர் என்ன சகலை?”

அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. சொன்னேன். “நம்மதுதான்” என்றார், ஏறினோம். ஏறி உட்காருவதற்குள் டிரைவர் போட்ட பிரேக்கில் இருவரும் முன் சீட்டில் போய் முட்டினோம்.

“இவனுக்கெல்லாம் எவன் வண்டியைக் குடுத்தான்? ஓட்டவே தெரியல” என்றார் சகலை, நெற்றியைத் தடவிக்கொண்டே.

“இது உண்மையா அண்ணே, உங்க அபிப்பிராயமா?”

அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மெல்ல, பஞ்சு போல, அழுத்திக்கொண்டிருந்தது.

“உண்மை” என்றார்.