இருபத்து நாலாவது கவர்

தை மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். அப்பாவின் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஜவ்வாது மலையில் பனி விலகவில்லை; பெண் வீட்டு வாசலிலிருந்து பத்தடியில் நின்ற புளியமரம் தெரியவில்லை. சித்தப்பாவுக்குப் பெண் கேட்டு மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு ஆறு பேர் போயிருந்தோம். எனக்கு ஒன்பது வயது.

அது ஐந்தாவது பெண். ஒரு வேலையிலும் நிலைக்காதவன் என்று முதல் நான்கு வீட்டிலும் மறுத்துவிட்டார்கள். லாரி கிளீனர், கண்ணமங்கலத்தில் சோடாக்கடை, டூரிங் டாக்கீசில் டிக்கெட் கிழிப்பது, ஆஸ்பத்திரி வார்டு பாய், செங்கத்தில் அரிசி ஆலை, பஸ் கண்டக்டர். ஏழாவதாகப் புளி வியாபாரம். எதுவும் பதினான்கு மாதத்தைத் தாண்டியதில்லை. அவருடைய அண்ணனோ, அதாவது என் பெரியப்பா, சென்னையில் பேர்போன நாவலாசிரியர். "இதுவும் தட்டிப்போச்சுன்னா உங்க தம்பி காலத்துக்கும் ஒண்டிதான்" என்று கிளம்பும்போதே அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

எனக்கு அவர்மேல் வேறு சந்தேகம். புளி வாங்குகிறவர் மரத்தைப் பார்த்து மதிப்புப் போட்டுவிட்டு வரவேண்டியதுதானே? இவர் வீடு வீடாக உட்கார்ந்து, யார் எந்த மரத்தை வெட்டினார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கேட்பார். வந்ததும் நோட்டில் எழுதுவார். வாரம் ஒரு தடித்த கவர் தபால் பெட்டிக்குப் போகும். விலாசம் என் கண்ணில் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். ஒருமுறை அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டு விழுந்தது. கையெழுத்து இல்லை. இரண்டே வரி: 'மரம் போதும். இனி சந்தையைக் கவனி.'

பெண்ணின் அப்பா டீ கொடுத்தார். "மாப்ள இன்னா கேட்டாலும் சிரிச்சிக்கினே கேக்கறாரு. எங்களுக்குப் புட்ச்சிருக்கு" என்றார். பரிசப் பேச்சு தொடங்கியது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க சொல்றதெல்லாம் சித்தப்பா எயுதித் தபால்ல அனுப்பறாரு. இருவத்தி மூணு கவரு. நான் எண்ணிட்டேன்."

யார் மரம் வெட்டினார்கள் என்று எழுதிக் கீழே அனுப்புகிறவன் என்றால் மலையில் ஒரே அர்த்தம்தான்: காட்டு இலாகாவுக்கு ஆள். அந்த வீட்டு மூத்த மகன் அப்படி ஒரு காகிதத்தால் எட்டு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன்.

"யாருக்கு எயுதறே?" பெண்ணின் அப்பா வாயிலிருந்து மாப்ள என்ற சொல் போய்விட்டது.

"சும்மா... எனக்கோசரம்தாங்க."

"சொல்லித் தொலையேன்டா" என்றார் அப்பா. சித்தப்பா தலையை ஆட்டி மறுத்தார். அதுவே எனக்குப் போதுமான சாட்சி.

"டீ ஆறிப்போச்சு. எய்ந்துக்கங்க" என்றார் பெண்ணின் அப்பா.

திரும்பும் வழியில் மூன்று மைல் நடந்தோம். பிறகு சித்தப்பா என் பக்கத்தில் வந்தார்.

"இருவத்தி மூணு இல்லடா, நாலு. நீ பள்ளிக்கூடம் போனப்போ ஒண்ணு போட்டேன்."

கணக்கு தப்பியதுதான் அன்று எனக்கு வருத்தம். மறுநாள் இருபத்தைந்தாவது கவர் போனது. அதை விடாமல் எண்ணினேன். சித்தப்பா கடைசிவரை ஒண்டியாகவே இருந்து செத்தார்.

போன மாதம்தான் பெரியப்பாவின் நாவல்களை வாங்கிப் படித்தேன். மொத்தம் ஏழு. முதலாவதில் ஒரு லாரி கிளீனர். இரண்டாவதில் சோடாக்கடை. ஏழாவதில் புளியமரம், பனி, பெண் கேட்கப் போன வீடு, கவர்களை எண்ணுகிற ஒரு பையன். அவன் வாயைத் திறக்கும் இடத்தில் அவனைத் திட்டி ஒரு சொல்கூட இல்லை. சித்தப்பா எழுதிய இருபத்தைந்தாவது கவரில் இல்லாததைப் பெரியப்பா எங்கிருந்து எடுப்பார்?

சித்தப்பாவின் பெயரை ஏழு புத்தகத்திலும் முன்பக்கம், பின்பக்கம் தேடினேன். இல்லை. ஏழுக்கும் சேர்த்துத் தள்ளுபடி போக நான் கொடுத்தது ஆயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.