கட்டிலுக்குக் கேட்காத பேஸ்

‘தெருவின் கோபத்தில் பிறந்து, ஊரையே தூங்கவிடாமல் அதிரவைக்கும் இடிமுழக்கம்’ என்கிறது, ஹிப்-ஹாப் தாளம் அமைக்கும் ஒரு பெண்ணைப் பற்றி இசை நிறுவனத்தின் அறிமுகக் குறிப்பு. எழுதியவர் அவளைப் பார்த்ததில்லை. நேரில் போயிருந்தாலும், அவள் பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரிந்திருக்காது. நடந்தால் சத்தம் வராது என்பதால் வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். தெருவோடு அவளுக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஊர் தூங்குகிறதா இல்லையா என்பதும் அவள் கவலை இல்லை. ஒரே ஒருவர் தூங்கவேண்டும், அதுவும் பகலில். நான்கு வருடமாக அதுதான் கவலை.

அந்த ஒருவர் அப்பா. செய்தித்தாள் அச்சகத்தில் இரவு வேலை. காலை எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பார். முப்பது வருடம் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதில் காது மந்தம். பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்பமாட்டார். ஆனால் பக்கத்து அறையில் ஹிப்-ஹாப்பின் பேஸ் ஒரு அடி அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்த அடித்தொனி காது வழியாகப் போவதில்லை. சுவரிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து கட்டிலுக்கும் போகும்.

“மனுஷனுக்குத்தான் காது கேக்காது, கட்டிலுக்கு நல்லா கேக்குது,” என்றாள் அம்மா. “உன் டும்முடும்ம அவர் எழுந்தப்புறம் வச்சுக்கோ.”

“எழுந்தா டிவி போடுவாரும்மா.”

“அப்ப போடாத.”

“எதை? டிவியவா?”

ஹெட்போன் இருக்கிறதே என்று கேட்கலாம். வாங்கினாள். மூன்றாம் மாதம் ஒரு பக்கம் போயிற்று. மேலும் ஹெட்போனில் பேஸ் கூசாமல் பொய் சொல்லும், சுவர் எவ்வளவு அதிரும் என்று காட்டாது. ஆகவே இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு, காதும் காதும் வைத்தாற்போல் தாளம் போடக் கற்றாள். பேஸில் ஒரு சின்ன அடி, பிறகு இடைவெளி. அந்த இடைவெளியில் கட்டில் கிறீச்சிடுகிறதா என்று கவனிப்பாள். கிறீச்சிட்டால் அந்த அடியை அழித்துவிடுவாள். இப்படிச் செய்த தாளங்களை இணையத்தில் போட்டபோது, ராப் பாடுகிறவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. வார்த்தை வைக்க அதில் இடம் இருந்தது. வீட்டு நிர்ப்பந்தத்துக்கு உலகம் ‘பாணி’ என்று பேர் வைத்தது.

நிறுவனம் கூப்பிட்டது. ‘புயல்’ என்று ரசிகர்கள் கொண்டாடும் பாடகரின் ஒரு பாட்டுக்கு அவள் இசை. தேறினால் அவள் பெயரில் வரும். இல்லாவிட்டால் வேறொருவர் கைக்குப் போய், வேறொருவர் பெயரில் வரும்.

ஸ்டுடியோவில் ஸ்பீக்கர்கள் அவள் உயரத்துக்கு நின்றன. வீட்டில் வைக்கிற ஒலியளவிலேயே தன் தாளத்தை ஓடவிட்டாள்.

“என்னம்மா, ஸ்பீக்கர் போயிடுச்சா?” என்றார் ஒலிப்பதிவாளர்.

“இல்ல சார், ஓடிட்டுதான் இருக்கு.”

“எனக்கு ஏசி ஓடுறதுதான் கேக்குது.” அவரே திருகி ஏற்றினார்.

அவள் விலா எலும்பு அதிர்ந்தது. எந்தக் கட்டிலும் கிறீச்சிடவில்லை. அப்புறம் காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் புகுந்த கதைதான். பத்து நாளில், புயல் ஏற்கெனவே பாடிக்கொடுத்திருந்த குரலைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக முப்பத்தெட்டு ஒலித்தடங்களை அடுக்கினாள்.

புயல் வந்து கண்ணை மூடிக் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்?”

“நடுவுலதான் இருக்கீங்கண்ணா.”

“நடுவுலயா, அடியிலயா?”

நிறுவனத்தின் மேலாளர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மாலைக்குள் சரியாகாவிட்டால் ஆளை மாற்றுவோம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, அப்பா படுத்த பிறகு, அந்தப் பாட்டை வீட்டு ஸ்பீக்கரில் பழைய அளவில் போட்டாள். தகரக் கூரையில் கல் விழுகிற சத்தம்தான் வந்தது. வார்த்தை ஒன்றுகூடக் காதில் விழவில்லை. நான்காவது நொடியில் கட்டில் கிறீச்சிட்டது. அப்பா வாசற்படியில் வந்து நின்றார்.

“பக்கத்துல வீடு இடிக்கிறாங்களா?”

“பாட்டுப்பா. என்னுது,” என்று அவர் காதருகே போய்ச் சொன்னாள்.

“ஓ. நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்று எடுக்க ஆரம்பித்தாள். ஒரு தடத்தை எடுப்பாள், ஓடவிடுவாள், கட்டிலைக் கேட்பாள். ஞாயிறு நண்பகலில் பதினொன்று மிஞ்சின. பாட்டு முழுதாக ஓடியது. அப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“யாருடி உள்ள? ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கான்?”

“என்னம்மா சொல்றான்?”

“வாடகை ஏறுது, வயசு ஏறுது, பஸ்ஸுலதான் ஏற முடியலங்கிறான். நியாயமாத்தான் சொல்றான்.”

திங்கட்கிழமை ஒலிப்பதிவாளர் கேட்டுவிட்டு, “மீதி எங்கம்மா?” என்றார். புயல் இரண்டு தடவை கேட்டார். முகம் வேறு மாதிரி ஆயிற்று. ஒலிப்பதிவாளரை டீ குடிக்க அனுப்பினார்.

“எல்லாம் கேக்குது.”

“ஆமாண்ணா.”

“இல்ல, எல்லாமே கேக்குது. ரெண்டாவது பாதியில ஒரு நாலு வரி... அவசரத்துல எழுதினது. சத்தத்துல அடிபட்டுப் போயிடும்னு விட்டுட்டேன். அங்க மட்டும் பேஸக் கொஞ்சம் தூக்கி அடிச்சுடேன்.”

மேலாளர் சொன்ன மாலைக் கெடுவுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. ‘சரிண்ணா’ என்றால் பாட்டு அவளுடையது.

“அங்க அடிச்சா பக்கத்துல இருக்கிற வரியும் போயிடும். வரிய மாத்திடுங்கண்ணா.”

“எத்தனை வருஷமா எழுதுறேன் தெரியுமா?”

“தெரியும்ணா. மத்த வரியெல்லாம் எங்கம்மாவுக்கே புரிஞ்சுது.” அவர் குனிந்துதான் கேட்கவேண்டியிருந்தது, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். “நான் வெளில உக்காந்திருக்கேன். எழுதிட்டுக் கூப்பிடுங்க.”

ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேலாளர் இரண்டு தடவை கடிகாரத்தையும் ஒரு தடவை அவளையும் பார்த்துவிட்டுப் போனார். பிறகு கதவு திறந்தது. புயல் காகிதத்தை நீட்டினார். ஐந்து மணிக்குள் அந்த வரிகளைப் பாடி முடித்தார்.

பாட்டு அடுத்த மாதம் அவள் பெயரோடு வந்தது. இடிமுழக்கம் என்று குறிப்பு சொல்கிறவள் செய்தது இவ்வளவுதான்: முப்பத்தெட்டுத் தடங்களில் இருபத்தேழை நீக்கினாள். நான்கு வரிகளைத் திரும்ப எழுதவைத்தாள்.