இடது பக்கத்துக் கிற்றார்

என்னுடைய இடது காது செத்து இரண்டு வருஷமாகிறது. வலதும் குறைந்துகொண்டு வருகிறது என்று யாழ்ப்பாணத்துக் காது டொக்டர் சொன்னார். இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டேன். "சொல்ல ஏலாது. ஸ்பீக்கர் வேலையை விட்டால் கொஞ்சம் கூட இழுக்கும்" என்றார். விடுகிறதா? எங்கள் ஊர் கரம்பொனில் கோயில் திருவிழா, சேர்ச் பெருநாள், கலியாணம், செத்தவீடு எதுவென்றாலும் ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். காது கேளாதவனை நம்பி யார் வேலை தருவான்? ஆகவே ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. மனைவி கேட்டதற்கும், "உள்ளுக்கை ஊத்தையாம், கழுவி விட்டிட்டினம்" என்று சொல்லி முடித்தேன்.

சிரிக்காதீர்கள், அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்த பெரிய பயம் ஒரு கசற்றைப் பற்றியது. அதை இனி எத்தனை தரம் கேட்பேன்?

கப்பலில் வேலை செய்த மச்சான் ஒருவர் தந்த கசற் அது. மேலே பேனையால் 'லைவ்' என்று மட்டும் எழுதியிருந்தது. வெள்ளைக்காரர் சிலர் ஒரு மண்டபத்தில், சனத்துக்கு முன்னால், பழைய புளூஸ் பாட்டுகளை எடுத்து ரொக் அடி அடிக்கிறார்கள். ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும். மற்றதெல்லாம் ஸ்பீக்கர்காரனுக்கு நன்றாகவே விளங்கும். ஓரிடத்தில் மைக் கூவுகிறது. யாரோ ஓடிப்போய்க் குறைக்கிறான். கிற்றாரின் கம்பி ஒன்று சுருதி இறங்கிவிடுகிறது. வாசிக்கிறவன் நிறுத்தவில்லை, வாசிப்புக்குள்ளேயே முறுக்கி மேலே ஏற்றுகிறான். ஒருத்தன் இருமுகிறான். ஸ்டூடியோவில் என்றால் எல்லாவற்றையும் துடைத்து எறிந்திருப்பார்கள். இங்கே எல்லாம் அப்படியே கிடக்கிறது, பெருநாள் முடிந்த அடுத்த நாள் சேர்ச் வளவு கிடக்கிறது போல.

கடைசிப் பாட்டு கசற்றின் ஒரு பக்கம் முழுவதும் ஓடும். நடுவில் எல்லாரும் இறங்கி இறங்கி, ட்ரம்காரன் விரல் நுனியால் தட்டுகிற அளவுக்கு வந்துவிடுவார்கள். கிற்றார் ஒரு வரி சொல்லும். பிறகு நிற்கும். நல்லாய் நின்றுவிட்டு இன்னொரு வரி சொல்லும். நான் விழுந்தது அந்த நிற்கிற இடத்தில். அவ்வளவு சனத்துக்கு முன்னால் கிற்றாரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! மைக்கைப் பிடித்தால் விடமாட்டாத எத்தனை பேருக்கு நான் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். பொறுக்கத் தெரிந்த மனிதன் இவன் ஒருத்தன்தான் என்று முப்பது வருஷமாகச் சொல்லித் திரிந்தேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடியபோதும் அந்தக் கசற் என் சேட்டுப் பொக்கற்றில் இருந்தது. ஒன்று மட்டும் எனக்கு விளங்குவதில்லை. அந்த நிறுத்தங்களில் ஒன்றில், ஒன்றுமே நடக்காத இடத்தில், சனம் கூரை பறக்கக் கத்தும். குடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் கனடாவிலிருந்து மகன் வந்து நின்றான். போகும்போது அந்தக் கசற்றில் ஒரு துண்டைக் கைபேசியில் பதிந்துகொண்டு போனான். அது எந்த அல்பம் என்று கைபேசியே கண்டுபிடித்துக் கொடுத்ததாம். ஒரு நாள் போன் எடுத்தான்.

"அப்பா, இதிலை ரெண்டு பேரெல்லோ கிற்றார் வாசிக்கினம்."

"உனக்கென்ன விசரே? ஒருத்தன்தான்."

"ரெண்டு பேர் அப்பா. ஒராள் கேக்க மற்றாள் மறுமொழி சொல்லுறார்."

"நீ பிறக்க முந்தியே நான் கேக்கத் தொடங்கினனான். எனக்குப் படிப்பிக்காதை!" என்று போனை வைத்துவிட்டேன்.

அவனும் என் பிள்ளைதானே, விடவில்லை. அல்பத்தை என் கைபேசிக்கு அனுப்பினான். ஊருக்கு வந்த ஒருவரிடம் நல்ல ஹெட்போன் ஒன்றும் கொடுத்துவிட்டான். பின்னேரம் விறாந்தையில் என் கதிரையில் இருந்து மாட்டினேன். என் இடப்பக்கம், குசினி வாசலோடு, மனைவி வழமைபோலத் தன் கதிரையில் இருந்தாள். அதே பாட்டு, அதே கிற்றார், அதே நிறுத்தம். இம்மியும் மாறவில்லை. உடனே மகனுக்கு எடுத்தேன். "ஒருத்தன்தான். நான் சொன்னனான்தானே!"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்பா, ஹெட்போனை மாத்திப் போட்டுப் பாருங்கோ. இடதை வலதுக்கு."

மாற்றினேன்.

மாதாவே! அந்த நிறுத்தத்துக்குள் ஒருத்தன் இருந்தான். கொஞ்சம் கரகரத்த, தாழ்ந்த கிற்றார். இப்போது பழையவன் இல்லை, இவன் மட்டும்தான் கேட்டான். இவனும் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றான். அவன் நிற்கிற இடத்தில் என்ன வரவேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். வாயால் முணுமுணுத்துப் பார்த்தேன். பொருந்தியது. ஒவ்வொன்றும் பொருந்தியது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

எப்படித் தவறவிட்டேன் என்று இருந்து யோசித்தபோது விளங்கியது, குற்றவாளி என் கைதான். கசற் போடுகிற பாட்டுச் செற்றிலிருந்து சத்தம் இரண்டு வழியாக வரும்: இடது ஒன்று, வலது ஒன்று. தொழில் தொடங்கிய முதல் பெருநாளில், ஒன்றைச் சேர்ச் பக்கக் குழாய் ஸ்பீக்கருக்கும் மற்றதைக் கடற்கரைப் பக்கக் குழாய்க்கும் கொடுத்தேன். சேர்ச்சடியில் நின்றவர்களுக்குப் பாட்டுக் கேட்டது. கடற்கரையில் நின்றவர்களுக்கு ஆர்மோனியம் மட்டும். சேர்ச் சுவாமியார் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். அன்றைக்கே இடது வயரை வெட்டினேன். அதன்பிறகு வலதை மட்டும் எடுத்து எல்லாக் குழாய்க்கும் கொடுப்பேன். கைப்பழக்கத்தில் வீட்டுச் செற்றிலும் அதையே செய்துவைத்திருந்தேன். நான் மண்டபத்து எதிரொலி என்று நினைத்த ஒரு தூரத்து முனகல் அவனேதான். வயரில் நான் வெட்டியதை ஹெட்போனில் என் செத்த காது வெட்டிவிட்டது.

ஒற்றைக் காதோடு ஹெட்போனில் இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்க ஏலாது. ஆனால் வெளியில் வைத்தால் இரண்டும் காற்றில் கலந்து ஒரு காதுக்கே வரும். இருக்கிற காது இருக்கும்போதே ஒரு தரமாவது கேட்டுவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகு, பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை வளவுக்குள் இறக்கினேன். ஒன்று கிணற்றடியில், மற்றது வேம்படியில். முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக இடது வயரையும் பூட்டினேன். வள்ளமும் வலையும் வைத்திருக்கிற அடுத்த வளவுச் சம்மாட்டி சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். எங்கள் பக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்பீக்கர் இறங்கினால் செத்தவீடு என்றுதான் அர்த்தம்.

"அண்ணை, ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பாட்டுக் கேக்கப் போறன்."

"அட கோதாரி! வலை பொத்தினதை விட்டிட்டெல்லோ ஓடியாறன்!" என்று ஏசிவிட்டு, போகாமல் வேலியடியில் நின்றுவிட்டார்.

இரண்டுக்கும் நடுவில் கதிரையைப் போட்டுக்கொண்டு கடைசிப் பாட்டைப் போட்டேன். எல்லாரும் இறங்கினார்கள். கிணற்றடியில் அவன் ஒரு வரி சொன்னான். நான் மூச்சைப் பிடித்தேன். வேம்படியிலிருந்து மற்றவன் சொன்னான். அவன் கெஞ்சினான், இவன் நக்கலடித்தான். அவன் கோபித்தான், இவன் ஆற்றினான். பிறகு அந்த இடம் வந்தது. பழையவன் நின்றான். இவன் மெல்லத் தொடங்கி ஏறி, ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற உச்சியில் ஒற்றைச் சத்தத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். சனம் கத்தியது. அதற்குத்தான் கத்தியிருக்கிறார்கள்! குடிகாரர் என்று நான் நினைத்த அத்தனை பேரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன்.

"பிழையில்லை அண்ணை" என்று சம்மாட்டி கையைக் காட்டிவிட்டுப் போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினேன். மனைவி தன் கதிரையைக் கொண்டுவந்து, எப்போதும் போல அந்தப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள். எந்த நேரம் வந்தாளோ தெரியாது. வேலிக்கு அப்பால் பார்த்தபடி இருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்து வளவே அமைதியாகிவிட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சொன்னீர்?"

அவள் திரும்பினாள். "ஒண்டுமில்லை. இதிலை இருந்து சொன்னால் நீங்கள் மறுமொழி சொல்லுறேல்லைத்தானே. எனக்குப் பழகிப்போச்சு."

பின்னேரத்தில் நாங்கள் இருவரும் பேசாமல் சும்மா இருக்கிறோம் என்றுதான் நான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

"இஞ்சாரும், எனக்கு இந்தக் காது கேளாமல் போயிட்டுது."

"எப்ப?"

"ரெண்டு வருஷம்."

ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. "உங்களுக்கு என்னோடை கதைக்க விருப்பமில்லையாக்கும் எண்டெல்லோ நான்..." என்று தொடங்கி, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழும்பினேன். என் கதிரையைத் தூக்கி அவளுடைய மற்றப் பக்கத்தில் போட்டு, நல்ல காது அவள் பக்கம் வர இருந்தேன்.

"முதலிலை இருந்து சொல்லும்."

"எதை?"

"எல்லாத்தையும்."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பொறுத்திருந்தேன்.